சிப்பிகளில் ஒன்று

ஒரு கைப்பிடி மணலை அள்ளி வாயில் போட்டு மெல்கிறாள். பற்களுக்கு நடுவில் நறநறவென்று சத்தம் கேட்கிறது. விழுங்கிவிட்டு நாக்கால் பல்லைத் துழாவுகிறாள். "இது வறண்டு கெடக்கு. அலை வந்துட்டுப் போன மணல் இப்படி இருக்காது" என்று சொல்லி, உருக்கிய வெண்ணெயை ஒரு கரண்டி ஊற்றிப் பிசைகிறாள். பார்சலுடன் வாசலில் நின்றிருந்த கூரியர்காரர் கையெழுத்து வாங்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

மணல் என்பது பிஸ்கட்தான். இரண்டு வகை பிஸ்கட்டைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, சப்பாத்திக் கட்டையால் அடிப்பாள். ஒன்று வெளிறியது, ஒன்று கருத்தது. சலிக்க மாட்டாள். சலித்தால் மாவாகிவிடும், மணலில் பொடிக்கல் இருக்க வேண்டும் என்பாள். அடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கட்டடத்துக் குழந்தைகள் அவளைக் கடல் ஆன்ட்டி என்கிறார்கள். பெரியவர்கள் கடல்காரம்மா. கடல் இங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிறது. அவள் இரண்டு தடவை போயிருக்கிறாள். "அங்க கால் சுடுது, அக்கா. கண்ணுல உப்பு. நம்ம கடல் எவ்வளவோ தேவலை" என்றாள் என்னிடம்.

அவளுடைய கடல் என் ஃபிரிட்ஜில்தான் உறைகிறது. அவள் ஃபிரிட்ஜ் சிறியது. எப்போதாவது ஒரு தட்டுக்கு இடம் கேட்டு ஆரம்பித்தது, இப்போது மேல் தட்டு அவளுடையது என்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலை பால் எடுக்கத் திறந்தேன். கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஒரு ஜெல்லி மீன், கால்களைத் தொங்கவிட்டபடி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவை அறைந்து சாத்தினேன். அதிர்ச்சியில் அது லேசாக ஆடியிருக்க வேண்டும். சாயங்காலம் வந்து எடுத்துப் பார்த்தவள், "யாரோ பயமுறுத்தியிருக்காங்க, ஒரு கால் ஒடிஞ்சிருக்கு" என்றாள்.

கேக், மிட்டாய் இரண்டும் செய்வாள். ஆனால் எல்லாமே கடற்கரையாகத்தான் இருக்கும். பிஸ்கட் மணல், நீல ஜெல்லித் தண்ணீர், நுரைக்கு வெண்ணெய் க்ரீம், சாக்லேட் பாறை, மாவுக் குழலைக் கம்பாக நட்ட குடை, குடைக்குக் கீழே துண்டு விரித்துக் குப்புறப் படுத்திருக்கும் ஒரு பொம்மை ஆள். அந்த ஆளுக்கு முதுகு மட்டும் சிவந்திருக்கும். "வெயில்ல படுத்தா சிவக்காதா?" பிறந்த நாளுக்குக் கார் வேண்டும், கோட்டை வேண்டும் என்று வருகிறவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவாள். கடல் இவ்வளவு நீலமாகவா இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "இருக்காது. ஆனா நெஜமான கலர்ல குடுத்தா சாக்கடைன்னு திட்டுவாங்க" என்றாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கயிற்றில் தொங்கிவிட்டு வீடு வந்தால் உட்கார நாற்காலி இருக்காது, எல்லாவற்றிலும் நட்சத்திர மீன் காய்ந்துகொண்டிருக்கும். "எதைத் தொடலாம், எதைத் திங்கலாம்னு எனக்கு ஒரு போர்டு எழுதி மாட்டும்மா" என்பார். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாரோ பரிசாகக் கொடுத்த சங்கு வடிவச் சோப்பு குளியலறையில் இருந்தது. மனைவி ஏதோ சாம்பிள் வைத்திருக்கிறாள் என்று நினைத்து அதில் பாதியைக் கடித்துவிட்டார். ஏன் துப்பவில்லை என்று கேட்டதற்கு, "நல்லா இல்லேன்னு சொன்னா இவ மூஞ்சி வாடிடும், அதான் மென்னுக்கிட்டே யோசிச்சேன்" என்றார். அதிலிருந்து அந்த வீட்டில் சோப்பு சதுரமாகத்தான் இருக்கிறது.

அவள் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. கொதிக்கும் சீனிப் பாகு எடுத்துக்கொண்டுவிட்டது. அடுப்பின் வலப்பக்கம் எப்போதும் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கும். பாகில் ஒரு சொட்டை அதில் விடுவாள். நூலாக இழுபட்டால் இன்னும் காய வேண்டும், போட்டதும் டக்கென்று உடைந்தால் இறக்க வேண்டும். அப்படி இறக்கிய பாகை ஆறுவதற்குள் கையில் எடுத்து இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பாள். கண்ணாடி போலிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவளே பாகிடம்தான் பேசிக்கொண்டிருப்பாள். "அடங்கு. அடங்குடா. எங்க போறே?"

அந்தப் பால் நிறப் பாகு சிப்பிகளுக்கு. அவள் பெயர் சொல்லி ஆர்டர் வருவது சிப்பிகளால்தான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. உட்பக்கம் வழுவழுப்பு, வெளியில் விசிறி மாதிரி வரிகள், ஓரத்தில் வெளிர்ச் சிவப்பு. நிஜச் சிப்பிகளை ரப்பர் மாவில் அழுத்தி அச்சு எடுத்து வைத்திருக்கிறாள். கடலூருக்கோ எங்கோ, கடல் பக்கம் யார் போனாலும், "வரும்போது நாலு சிப்பி பொறுக்கிட்டு வாங்க, ஒடஞ்சது வேணாம்" என்று சொல்லி அனுப்புவாள். வந்தவற்றைக் கழுவி வெயிலில் போட்டு ஒரு தகர டப்பாவில் சேர்த்திருக்கிறாள். அவை அவளுக்கு அசல். "அசலை எடு" என்று கணவரிடம் சொன்னால் அந்த டப்பாவை எடுத்துத் தர வேண்டும்.

சிப்பி செய்து முடித்த பிறகு ஒரு பரீட்சை உண்டு. அதைப் பார்ப்பதற்கென்றே நான் போவேன். கை ஈரம் படாமலிருக்க வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொள்வாள். டப்பாவிலிருந்து ஓர் அசல் சிப்பியை எடுத்து அதற்கும் மற்றவற்றோடு சேர்த்து இனிப்பு மினுக்குப் பொடி தடவுவாள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டைச் சுற்றுவாள். பிறகு கண்ணைத் திறந்து, தொடாமல், அசல் எது என்று பார்ப்பாள். கண்டுபிடித்துவிட்டால் அவளுக்குத் தோல்வி. அசலைத் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு, "இன்னும் தெரியுது" என்பாள். எப்போதும் தெரிந்துவிடும். அதில் அவளுக்கு ஒரு வருத்தம். என்னைக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. "உங்க கண்ணு கணக்குல சேராது, அக்கா" என்று சொல்லிவிடுவாள்.

தப்பு நேராதா என்று நான் கேட்டதில்லை. அவளுக்கு எப்போதும் தெரிந்துவிடுகிறது என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

மருந்துக்கடைக்காரர் மகளின் பிறந்த நாளுக்குப் பெரிய கடற்கரை ஒன்று கேட்டிருந்தார்கள். வருகிற குழந்தைகளுக்குக் கையில் கொடுக்கத் தனியாகச் சிப்பிகளும் வேண்டும். அன்று காலை பரீட்சை நடந்தபோது நான் இருந்தேன். தட்டைச் சுற்றினாள். கண்ணைத் திறந்தாள். யோசிக்கக்கூட இல்லை. ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் தெரியுது, அக்கா. அடுத்தவாட்டி செவப்பைக் கொறைக்கணும்."

அதைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள். மற்றவற்றில் பாதியைக் கடற்கரையில் பதித்தாள், மீதியைப் பெட்டியில் அடுக்கினாள். மதியம் மருந்துக்கடைப் பையன்கள் வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் என் தட்டைத் திரும்ப வாங்கப் போனேன். அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தரையில் எறும்பு வரிசை. அந்த வீட்டில் அது புதிதல்ல. எறும்புக்குப் பயந்து பாத்திரங்களையெல்லாம் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்திருப்பாள். ஆனால் இந்த வரிசை அடுப்புப் பக்கம் போகவில்லை. அலமாரியில் ஏறி, மூன்றாவது தட்டுக்குப் போய், தகர டப்பாவின் மூடி இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது.

"இதுங்களுக்கு அறிவே கெடயாது" என்றாள். "சிப்பி ஓட்டுல என்ன கெடக்குன்னு போகுதுங்க? பல்லுதான் ஒடயும்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

அசல்கள் எல்லாம் வெறுமனே கிடந்தன. ஒன்றின் மேல் மட்டும் எறும்பு மொய்த்திருந்தது. சிப்பியே கண்ணுக்குத் தெரியவில்லை, சிப்பி வடிவத்தில் எறும்பு இருந்தது. அவள் அதை எடுத்து ஊதினாள். ஓரம் அரிக்கப்பட்டு வளைந்து மெலிந்திருந்தது. முகர்ந்தாள். பிறகு எறும்போடு அப்படியே நாக்கில் வைத்தாள்.

அந்த முகத்தை என்னால் சொல்ல முடியாது. உதட்டில் எறும்பு ஊர்ந்தது, அவள் தட்டிவிடவில்லை.

"இனிக்குது, அக்கா."

எனக்கு உடனே விளங்கவில்லை. "சீனிதானே, இனிக்கத்தானே செய்யும்" என்றேன்.

"இது டப்பாவுல இருந்தது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீனி டப்பாவில் இருந்தால் அசல் எங்கே இருக்கிறது? கேக்கில் இருக்கலாம். ஏதாவது குழந்தையின் வாயில் இருக்கலாம். தொண்டையில் இருக்கலாம்.

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே பாட்டுப் போட்டிருப்பார்கள். கணவருக்கு அடித்தால் அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார், "நெஜமாவா? உனக்கே தெரியலையா?" என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் வீடு இரண்டு தெரு தள்ளி. நாங்கள் ஓடினோம். என்னால் ஓட முடியாது, இருந்தும் ஓடினேன். அவள் செருப்புப் போடவில்லை என்பதை இரண்டாவது தெருவில்தான் கவனித்தேன்.

கூடம் முழுக்கக் குழந்தைகள். நடுவில் மேசை, மேசை மேல் கடற்கரை. இன்னும் வெட்டவில்லை, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெட்டி காலியாகியிருந்தது. குழந்தைகள் கையில், வாயில், சட்டைப் பையில் சிப்பிகள்.

"யாரும் கடிக்காதீங்க" என்றாள். பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவளே போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். "வாயில இருக்கிறதைத் துப்புங்க. எல்லாரும் துப்புங்க."

கூடம் அப்படியே நின்றது. மருந்துக்கடைக்காரரின் மனைவி ஓடி வந்தாள். "என்ன கலந்துட்டீங்க அதுல?" என்றாள். அவ்வளவுதான், ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் வாயில் விரலை விட்டாள். ஒருத்தி எதற்கென்று தெரியாமல் தன் வாயிலிருந்ததையும் துப்பினாள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

"ஒண்ணும் கலக்கலை. அதுல ஒண்ணு மட்டும் நெஜச் சிப்பி. மாறிப் போச்சு."

மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்தார். நிதானமான ஆள். "சரி, பதறாதீங்க. எது?"

"தெரியலை."

"நீங்கதானேம்மா செஞ்சீங்க?"

"நான்தான் செஞ்சேன். அதான் தெரியலை."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் மேசைக்குப் போனாள். மணலில் பதிந்திருந்த முதல் சிப்பியைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உடைத்தாள். டக். சீனி. கீழே போட்டாள். அடுத்தது. டக். காலையில் அவற்றை ஊசிமுனைத் தூரிகையால் வரி வரியாக அவள் தீட்டியதை நான் பார்த்திருந்தேன். இப்போது அவள் அவற்றைப் பார்க்கவேயில்லை, விரலுக்கு அடுத்தது எது என்றுதான் தேடினாள். கை பட்டுக் குடை சாய்ந்தது. குப்புறப் படுத்திருந்த ஆள் நீல ஜெல்லிக்குள் தலைகுப்புறப் போனான். பிறந்த நாள் குழந்தை தன் தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, இவங்க என் கடலை ஒடைக்கிறாங்க" என்று அழுதது. யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு தாய் மூச்சு விட்டாள்.

மேசையில் அசல் இல்லை.

பிறகு குழந்தைகள். கையிலிருந்ததை வாங்கி உடைத்து, இரண்டு துண்டையும் அதே கையில் திருப்பிக் கொடுத்தாள். துப்பிக் கிடந்ததையும் பொறுக்கி உடைத்தாள். ஒரு பையன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் நின்றான். அவன் அம்மா பிடித்து இழுத்து வந்தாள். டக். சீனிதான். அவன் உதைத்த உதை கடல்காரம்மா முழங்காலில் விழுந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் உடைந்தாயிற்று. அப்போது யாரோ சிரித்தார்கள்.

சோபாவின் கைமேல் ஒரு சிறுமி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரரின் பக்கத்து வீட்டுப் பெண், ஆறு வயதிருக்கும். இத்தனை அமளியிலும் அவள் இறங்கவில்லை, அழவில்லை. ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"உங்களோடது எல்லாம் தீந்து போச்சு" என்றாள், வாய்க்குள் எதையோ இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளியபடி. "என்னோடது தீரவே இல்ல."

"துப்புடி" என்று அவள் அம்மா அலறினாள். அலறியதில் சிறுமி திடுக்கிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

கடல்காரம்மா மட்டும் மெதுவாக நடந்து போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். ஓடி வந்தபோதும் உடைத்தபோதும் இருந்த வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளங்கையை அவள் தாடைக்குக் கீழே ஏந்தினாள்.

"அது இனிக்குதாம்மா?"

சிறுமி யோசித்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள். "மொதல்ல இனிச்சுது."

"அது மேல தடவின பொடி. உள்ள இருக்கிறது நான் செஞ்சது இல்ல."

"அப்ப யாரு செஞ்சா?"

கடல்காரம்மா கையை எடுக்காமல் ஏந்தியபடியே இருந்தாள். சிறுமி இதைத் தன் கேள்விக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, குனிந்து, நாக்கால் தள்ளி, அந்தக் கையில் சிப்பியை விட்டாள். எச்சிலோடு விழுந்தது.

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒருத்தி, இதற்கெல்லாம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இன்னொருத்தி, உடைந்த கேக்கை இனி வெட்டுவதா வேண்டாமா என்று கேட்டாள். கடல்காரம்மா சிப்பியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். உடையவில்லை. மறுபடியும் அழுத்தினாள். நகம் வெளுத்தது.

"அது ஒடயாது ஆன்ட்டி" என்றாள் சிறுமி. "நான் நல்லா கடிச்சுப் பாத்துட்டேன்."

கடல்காரம்மா நிமிர்ந்தாள். "வாயைத் தெற."

சிறுமி பெருமையாக வாயைத் திறந்தாள். மேல் வரிசையில், முன்னால், ஒரு பல் இருந்த இடம் காலியாக இருந்தது.

எனக்குப் பின்னால் யாரோ ஐயோ என்றார்கள்.

"அது போன வாரமே விழுந்திடுச்சுங்க" என்று அவள் அம்மா அவசரமாகச் சொன்னாள். "பால் பல்லு. தானா விழுந்தது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

கடல்காரம்மா காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. ரேகையில்லாத ஆள்காட்டி விரலைச் சிறுமியின் வாய்க்குள் விட்டு, கடைவாயில் தொடங்கி ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு வந்தாள். ஆடுகிறதா, சில்லு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் லேசாக அசைத்தாள். காலி இடம் வந்ததும் விரல் நின்றது. அந்த அம்மா, போன வாரமே விழுந்தது என்று இன்னொரு தடவை சொன்னாள். கடல்காரம்மா விரலை எடுத்து, கடைவாய்க்குக் கொண்டு போய், மறுபடி முதல் பல்லிலிருந்து தொடங்கினாள்.